மூன்று கார்களும் ஒரு வளைவும்

மலையிலிருந்து இறங்கும் வழியில் ஒரு வளைவு இருக்கிறது. நுழையும்போது தாராளமாகத் தெரியும். பாதி தாண்டியதும் உள்ளே இறுகும். என் முதல் காரில் ஆறு ஆண்டுகள் அந்த வளைவைக் கடந்திருக்கிறேன். ஒரு நாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை. இரண்டாவது காரை வாங்கிய மூன்றாம் மாதம், தூறல் தொடங்கிய ஒரு மாலையில், அதே வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை.

சக்கரங்கள் திரும்பித்தான் இருந்தன. வண்டி மட்டும் நேர்கோட்டை விடாமல் எதிர்த்தடத்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது. பயத்தில் இன்னும் அதிகமாகத் திருப்பினேன், பிரேக்கையும் மிதித்தேன். பெடல் காலடியில் துடித்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. மனைவி கதவின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். பின்னிருக்கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் சேர்ந்து இரண்டு விநாடிதான் இருக்கும். எதிரே எந்த வண்டியும் வராததால் பிழைத்தோம்.

அப்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். அந்தக் காரின் என்ஜினுக்கு 170 குதிரைத்திறன். அதில் ஒரு குதிரைகூட அந்த இரண்டு விநாடிகளில் எனக்கு உதவவில்லை. காருக்குச் சக்தி முக்கியமா, கைக்கு அடங்குவது முக்கியமா என்று நண்பர்கள் பேசும்போதெல்லாம் அந்த மாலைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கதையை அங்கிருந்து மட்டும் தொடங்கினால் சக்திக்கு அநியாயம் செய்தவனாவேன். அதை நான் தேடிப் போனதற்கு நியாயமான காரணம் இருந்தது.

முதல் கார் சிறியது. 67 குதிரைத்திறன், 850 கிலோ எடை. தனியாக ஓட்டும்போது அதைப் போல் சொன்னபடி கேட்ட வண்டியை நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஐந்து பேரும் நிறையப் பைகளுமாகக் கிளம்பினோம். இருவழிச் சாலை, லேசான ஏற்றம், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் பாரம் ஏற்றிய லாரி. சாலை காலியாகத் தெரிந்ததும் நான்காவது கியரிலேயே வெளியே எடுத்து ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதித்தேன். சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. லாரியின் நடுப்பகுதிக்குக்கூட வந்து சேரவில்லை, அதற்குள் தூரத்தில் முகப்பு விளக்குகள் தெரிந்தன. பிரேக் போட்டு மறுபடியும் லாரியின் பின்னால் ஒதுங்கினேன். பின்னால் இன்னொரு வண்டி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அந்த இடமும் கிடைத்திருக்காது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் லாரியை முந்த, முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி, லாரியின் நீளம், நம் வண்டியின் நீளம் எல்லாம் சேர்த்து அதைவிட 60 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முந்தும்போது நம் சராசரி வேகம் 80 என்றால் ஏறத்தாழ 11 விநாடி ஆகும். அதற்குள் நாம் 240 மீட்டர் ஓடியிருப்போம். எதிரே 80-இல் வரும் வண்டியும் 240 மீட்டர் வந்திருக்கும். ஆக, 480 மீட்டர் சாலை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். அதே இடத்தில் சராசரி வேகம் 90 ஆனால் 7 விநாடியில் முடிந்துவிடுகிறது. 340 மீட்டர் போதும். பத்து கிலோமீட்டர் வேக வித்தியாசம், எதிர்த்தடத்தில் நாம் ஆபத்தோடு இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுகிறது. சக்தி வெறும் ஆடம்பரம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அன்று குறை காரிடம் மட்டும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. என்ஜின் எந்நேரமும் முழுச் சக்தியையும் தருவதில்லை. முறுக்குவிசையும் (என்ஜின் தண்டைத் திருகும் விசை) சுழற்சி வேகமும் சேர்ந்ததுதான் சக்தி. குறைந்த சுழற்சியில் 67 குதிரையில் பாதிகூடக் கைக்கு வராது. மூன்றாவது கியருக்கு மாற்றி, என்ஜின் உரக்கப் பாடத் தொடங்கிய பிறகு வெளியே எடுத்திருந்தால் அந்தச் சிறிய காரே முந்தியிருக்கலாம். இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்: முதலில் கியரைக் குறைப்பது, பிறகுதான் தடம் மாறுவது. வெளியே எடுத்த பிறகு கியரைத் தேடுபவன் ஆபத்தான இடத்தில் இரண்டு விநாடியை வீணாக்குகிறான்.

அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. சக்தி போதவில்லை என்று முடிவு கட்டினேன். பயன்படுத்திய கார்களில் தேடி, உயரமான, 2 லிட்டர் டீசல் என்ஜின் கொண்ட, 1,700 கிலோ எடையுள்ள வண்டி ஒன்றைப் பிடித்தேன். நேர்சாலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். மிதித்ததும் முதுகு இருக்கையில் அழுந்தியது. அந்த ஒரு சுகத்துக்காகவே பணத்தைக் கொடுத்துவிட்டேன். வளைவில் ஓட்டவில்லை, கரடுமுரடான சாலையில் ஓட்டவில்லை, பிரேக்கை அழுத்தி மிதிக்கவில்லை, டயரைக் குனிந்து பார்க்கவில்லை.

இன்னொரு கணக்கையும் போடத் தவறினேன். முதல் காரில் ஒரு டன் எடைக்கு 79 குதிரைத்திறன், இரண்டாவதில் 100. விளம்பர எண்ணில் இரண்டரை மடங்கு. எடையால் வகுத்தால் கால் பங்குதான் அதிகம். ஆனால் பிரேக்கும் டயரும் சமாளிக்க வேண்டிய எடையோ இரட்டிப்பு.

வளைவில் வழுக்கிய மறுநாள் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஸ்டீயரிங்கில் ஏதோ கோளாறு என்று சொன்னேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தால் டயரை அழுத்தினார்.

“சார், நீங்களும் அழுத்திப் பாருங்கள். ரப்பர் மாதிரியா இருக்கிறது?”

“டயர் மேலுள்ள பட்டன் கட்டைகள் எல்லாம் தேயாமல் நன்றாகத்தானே இருக்கிறது?”

“பட்டன் இருக்கிறது சார். பிடிதான் இல்லை. கல்லாகிவிட்டது.”

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் கொண்ட ஓர் எண்ணைக் காட்டினார்: 2514. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2014-ஆம் ஆண்டின் 25-ஆவது வாரத்தில் செய்த டயர்; அப்போது அதற்கு ஆறு வயது முடிந்திருந்தது. முந்தைய உரிமையாளர் அதிகம் ஓட்டாததால் தேயவில்லை, ஆனால் வெயிலிலும் காற்றிலும் கிடந்து இறுகிவிட்டது. காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ காட்டியது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் 33 என்று போட்டிருந்தது. கூடுதல் காற்றால் டயர் உப்பி, சாலையைத் தொடும் பரப்பு சுருங்கியிருந்தது. முன்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசிந்து தூசி படிந்திருந்தது.

ஒரு காரும் சாலையும் தொட்டுக்கொள்ளும் இடம், ஒவ்வொரு டயருக்கும் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கைகள். 170 குதிரையானாலும் 1,000 குதிரையானாலும் அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் சாலைக்குப் போயாக வேண்டும். அவற்றின் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு குடம் தண்ணீரைக் குடிக்கவும் குளிக்கவும் பங்கிடுவது போல, அந்தப் பிடியைத்தான் பிரேக்குக்கும் திரும்புவதற்கும் பங்கிடுகிறோம். நான் வளைவுக்குள் இருந்துகொண்டே பிரேக்கை ஓங்கி மிதித்தேன். திரும்புவதற்கு இருந்த மிச்சப் பிடியையும் பிரேக் தின்றுவிட்டது.

50 மீட்டர் ஆரம் உள்ள வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த சாலையில் நல்ல டயர், வண்டியின் எடையில் 80 சதவீத அளவுக்குப் பக்கவாட்டு விசையைத் தாங்கும் என்று கொண்டால், அதிகபட்சம் மணிக்கு 71 கிலோமீட்டரில் போகலாம். ஈரத்தில் அந்தப் பிடி 50 சதவீதமாகக் குறைந்தால் எல்லை 56-க்கு இறங்கிவிடும். 60-இல் நுழைந்தவனுக்கு எந்த என்ஜினும் உதவாது. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் இன்னும் மோசம்: சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கழுவப்படாமல் நீரோடு குழைந்து வழுக்கும். எங்களுக்கு நேர்ந்தது அந்த நிமிடங்களில்தான்.

அந்த மாலைக்குப் பிறகு பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். வளைவு வருவதற்கு முன்பே, சக்கரங்கள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முடித்துவிடுகிறேன். வளைவின் முடிவு கண்ணில் படும்வரை ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதில்லை. முன்சக்கரம் வழுக்கினால் இன்னும் திருப்பத்தான் கை துடிக்கும். அது பிடியைக் கூட்டாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டீயரிங்கைச் சற்றே தளர்த்தினால் டயர் மறுபடி சாலையைப் பற்றும். பின்பக்கம் வழுக்கினால் வேறு: பின்பக்கம் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் ஸ்டீயரிங்கைத் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். படித்தால் எளிது, கை செய்யப் பழக வேண்டும். ஒரு பயிற்சி மைதானத்தில், நனைத்த தரையில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க அரைநாள் செலவிட்டேன். கார் ஓட்டத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் கழித்து அதைச் செய்தேன். முதல் ஆண்டே செய்திருக்க வேண்டும்.

நான்கு புதிய டயர், இரண்டு ஷாக் அப்சார்பர், வீல் அலைன்மென்ட். செலவைப் பார்த்துத் தயங்கினேன், ஆனால் செய்தேன். பிறகு அதே வளைவில், உலர்ந்த நாளில், 45-இல் போனேன். வேறு கார் போலிருந்தது. காரின் இயல்பு என்று நான் நினைத்திருந்ததில் பாதி, பராமரிக்காமல் விட்டதன் விளைவு. யாராவது “என் கார் வளைவில் அடங்க மாட்டேன் என்கிறது” என்று சொன்னால், இன்று நான் முதலில் கேட்பது டயரின் வயதை.

மீதிப் பாதி மாறவில்லை; அது வடிவத்திலேயே இருந்தது. உயரமான வண்டியின் எடைமையம் மேலே இருக்கிறது. திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு அதிகமாக மாறுகிறது. உள்பக்கச் சக்கரம் இழக்கும் பிடியை வெளிப்பக்கச் சக்கரம் முழுமையாக ஈடுகட்டாது. உயரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1997-இல் உலகமே பார்த்தது. ஸ்வீடனில் ஒரு பத்திரிகை, திடீரென்று தடம் மாறித் தடையைத் தவிர்க்கும் சோதனையில் மெர்சிடிஸின் புதிய ஏ-கிளாஸை ஓட்டியபோது அது கவிழ்ந்தது. நீளம் குறைந்த, உயரமான சிறு கார். என்ஜின் சக்தி அங்கே பேச்சிலேயே இல்லை. நிறுவனம் விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனை (சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் ஸ்பிரிங் அமைப்பு) திருத்தி, இஎஸ்பி என்னும் நிலைப்படுத்தும் அமைப்பை எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் பொருத்தியது. அன்று என் டேஷ்போர்டில் எரிந்த மஞ்சள் விளக்கு அந்த அமைப்பினுடையதுதான். ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் செய்து வண்டியை நாம் காட்டும் திசைக்கு இழுக்கும். இல்லாத பிடியை அதனாலும் உண்டாக்க முடியாது. புதிய கார் வாங்குகிறவர்கள் பெரிய என்ஜினுக்கும் இஎஸ்பிக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் யோசிக்காமல் இஎஸ்பியை எடுங்கள்.

கைக்கு அடங்கும் கார் எவ்வளவு சாதிக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் 1965-ஆம் ஆண்டின் மான்டி கார்லோ ராலி என்னும் கார் பந்தயம். வென்றவர் டிமோ மாக்கினென். ஓட்டியது 1,275 சிசி மினி கூப்பர் எஸ். 10 அங்குலச் சக்கரம், கடையில் விற்ற வடிவில் சுமார் 75 குதிரைத்திறன். இரண்டாவதாக வந்தது போர்ஷே 904, பந்தயத்துக்கென்றே செய்த 2 லிட்டர் வண்டி. ஆனால் இதைச் சொல்லும்போது பலரும் விட்டுவிடும் ஒன்று உண்டு: அந்த ஆண்டு கடும் பனி. என்ஜினின் எடை முழுவதும் இழுக்கும் முன்சக்கரங்களின் மேலேயே இருந்தது மினிக்கு வரம். காய்ந்த நீண்ட நெடுஞ்சாலையில் அந்த முடிவு வந்திருக்காது. எந்தச் சாலை என்று கேட்காமல் எந்தக் கார் என்று பேசுவதால்தான் இந்த விவாதம் முடியாமல் நீள்கிறது.

எனக்குத் தெளிவானது இது. சக்தி எப்போது வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நான்தான் முடிவு செய்கிறேன். முந்துவதா, காத்திருப்பதா என்று யோசிக்க அவகாசம் இருக்கிறது. போதாது என்று தோன்றினால் லாரியின் பின்னாலேயே பத்து நிமிடம் போகலாம். போனது பத்து நிமிடம். நாய் குறுக்கே ஓடும்போதும், முன்னால் போன வண்டியிலிருந்து பொருள் விழும்போதும், வளைவு இறுகும்போதும் அந்த அவகாசம் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடிவிடுகிறோம். அந்த நேரத்தில் வண்டியில் இருக்கும் பிரேக்கும் டயரும் ஸ்டீயரிங்கும்தான் துணை. ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் தர முடியும் என்றால் கைக்கு அடங்கும் காரையே கேட்பேன். பாரத்தோடு ஏற்றம் ஏறத் திணறாத அளவுக்குச் சக்தி இருக்கிறதா என்பதையும் கேட்பேன். அதற்குக் கீழே போனால் அதுவும் ஆபத்துதான்.

கைக்கு அடங்குவது என்றால் முதுகை உடைக்கும் கடினமான சஸ்பென்ஷன் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நண்பர் ஒருவர் அதை நம்பித் தன் காருக்குப் பெரிய சக்கரமும் உயரம் குறைந்த பக்கச் சுவர் கொண்ட டயரும் மாட்டி, ஸ்பிரிங்கையும் இறுக்கிக்கொண்டார். வழவழப்பான சாலையில் அற்புதமாகத்தான் திரும்பியது. மேடுபள்ளமான வளைவில் அவரோடு போனபோது பின்சக்கரம் தத்தித்தத்திப் பக்கவாட்டில் நகர்ந்தது. காற்றில் இருக்கும் டயருக்குப் பிடி ஏது? சக்கரம் மேடுபள்ளத்தோடு ஏறி இறங்கி, சாலையை விடாமல் தொட்டுக்கொண்டே இருப்பதுதான் நல்ல சஸ்பென்ஷன். அது ஓரளவு மென்மையாகத்தான் இருக்கும்.

மூன்றாவது காரை வாங்கும்போது இரண்டு நாட்கள் எடுத்துக்கொண்டேன். விற்பனையாளர் காட்டிய நேர்சாலையை விட்டு, எனக்குத் தெரிந்த மோசமான சாலைக்கு ஓட்டிப்போனேன். வளைவின் நடுவே ஒரு பள்ளம் இருக்கும் இடம் வேண்டும். அங்கே வண்டி தன் பாதையை விட்டுத் துள்ளுகிறதா, உள்வாங்கிக்கொண்டு போகிறதா என்று பார்த்தேன். ஆளில்லாத இடத்தில் 60-இலிருந்து முழு பிரேக் போட்டேன். நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனித்தேன். திருப்பிய ஸ்டீயரிங்கைத் தளர்த்தினால் தானாக நடுவுக்கு வருகிறதா என்பதையும் பார்த்தேன். ஸ்டீயரிங் கனமாக இருப்பதைப் பலர் நல்ல அடையாளமாக நினைக்கிறார்கள். கனம் வேறு, சாலையின் செய்தி கைக்கு வருவது வேறு. மறுநாள் குடும்பத்தோடு, பைகளோடு போய், ஏசியைப் போட்டுக்கொண்டு, நீண்ட ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுவையைச் சோதித்தேன். விற்பனையாளருக்குப் பொறுமை குறைந்தது. எனக்கு அந்தச் சங்கடம் பெரிதாகத் தெரியவில்லை.

எடுத்தது 110 குதிரைத்திறன், 1,150 கிலோ கொண்ட தாழ்வான கார். ஒரு டன்னுக்குக் கணக்கிட்டால் 96 வருகிறது. பழைய பெரிய காரின் 100-க்குக் கிட்டத்தட்ட சமம், சுமக்கும் எடையோ 550 கிலோ குறைவு. எடை குறைந்தால் முடுக்கமும் பிரேக்கும் வளைவும் ஒன்றாக மேம்படுகின்றன, டயரும் மெதுவாகத் தேய்கிறது. இப்போது வரும் மின்சாரக் கார்களை ஆவலோடு கவனிக்கிறேன். பேட்டரி தரையோடு இருப்பதால் எடைமையம் தாழ்ந்திருக்கிறது. நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசை கிடைக்கிறது. ஆனால் எடை மறுபடி ஏறிவிட்டது. அந்த எடையைத் தாங்கும் நான்கு உள்ளங்கைகள் இன்னும் ரப்பரால்தான் ஆனவை.

மகள் இந்த ஆண்டு ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். முதல் நாள் சாவியைக் கொடுப்பதற்கு முன் காற்றழுத்தமானியைக் கொடுத்தேன். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில்தான் அளக்க வேண்டும் என்று சொன்னேன். மூன்று சக்கரம் 33 காட்டின. பின்பக்க இடது சக்கரம் 27. அவள் மண்டியிட்டு டயரைச் சுற்றி விரலை ஓட்டினாள்.

“அப்பா, இங்கே ஏதோ குத்துகிறது.”

ஆணி ஒன்று தலைவரை ஏறியிருந்தது.